‘நுனி வெடிப்பு ரிப்பேர்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

சுருட்டை முடியை நீளமாக வளர்ப்பவர்கள், நுனி வெடித்திருக்கிறதே என்று பார்லர் பக்கம் போக நினைப்பவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். ‘ஸ்ப்ளிட் எண்ட் ரிப்பேர்’ என்ற பெயரில் என் தலையில் முடியை நேராக்கும் கெமிக்கலைப் போட்டுவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே இருந்த முடியில் பாதிக்கு மேல் வெட்டவேண்டி வந்தது. திருச்சியில், நல்ல பேர் இருக்கிற, கல்யாண சீசனில் இடமே கிடைக்காத ஏசி பார்லர்தான். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் பேசுகிற விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதே வசனத்தை வேறு ஊர்களிலும் கேட்டதாக என் சித்தி மகள் சொல்கிறாள், கூட வேலை பார்ப்பவர்களும் சொல்கிறார்கள்.

நான் கேட்டது ட்ரிம்மிங் மட்டும். “வெடிச்சதை மட்டும் எடுத்துடும்மா, ஒரு இன்ச் போதும்” என்றேன். அந்தப் பெண் நுனியை விரலில் பிரித்து, போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினாள். “அக்கா, வெட்டினா திரும்பவும் வெடிக்கும். நீளம் போகாமலே சரிபண்ற ட்ரீட்மெண்ட் இப்ப வந்திருக்கு. புரோட்டீன் உள்ளே போய் பிளந்ததை ஒட்டிடும்” என்றாள். சுருள் போய்விடுமா என்று கேட்டேன். “அப்படியே இருக்கும் அக்கா, பறக்கிறது மட்டும்தான் அடங்கும்.” ஸ்ட்ரெய்ட்னிங் இல்லையே என்று இன்னொரு தடவையும் தெளிவாகக் கேட்டேன். “இல்லவே இல்லை, இது முடிக்குச் சத்து.” விலை 6,500 ரூபாய்.

மூன்று பதிலும் பொய். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒட்டும் என்பது முதல் பொய். தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிர் கிடையாது. ரத்த ஓட்டமும் இல்லை, தானாக ஆறுகிற சக்தியும் இல்லை. முடியின் மேல்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில் செதிலாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். சீப்பு, வெயில், சாயம், சூடு எல்லாம் பட்டுப்பட்டு அந்தச் செதில் தேய்ந்து போனால் உள்ளே இருக்கும் நார் வெளியே தெரிந்து பிளக்கிறது. பிளந்த நாரை மறுபடி ஒன்றாக்க எந்தப் புரோட்டீனாலும் முடியாது. சீரம், கண்டிஷனர் போட்டால் மேலே ஒரு பூச்சு பிடித்து, அடுத்த குளியல் வரை மூடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வெடிப்புக்குக் கத்தரிக்கோல் ஒன்றுதான் வழி. வெட்டாமல் விட்டால் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும்.

தலைமுடி மாதம் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. 70 செ.மீ. முடியின் நுனிக்கு ஐந்து வயதுக்கு மேல் இருக்கும். அத்தனை வருடச் சீப்பையும் வெயிலையும் தாங்கிய நுனி அது. சுருட்டை முடியில் இன்னொரு தொல்லையும் உண்டு. தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும். சுருளில் வளைவுக்கு வளைவு தங்கிவிடுவதால் நுனிவரை போய்ச் சேருவதில்லை. அதனால்தான் நமக்கு வேர்ப்பக்கம் பிசுக்காக இருக்கும்போதே நுனி வைக்கோலாகக் கிடக்கிறது. இதில் குறை என்று ஒன்றும் இல்லை, அந்த முடியின் இயல்பு அது. இதைக் காட்டிப் பயமுறுத்தித்தான் காசு பறிக்கிறார்கள்.

சுருள் அப்படியே இருக்கும் என்பது இரண்டாவது பொய். கிரீமைத் தடவி ஊறவைத்து, டிரையர் போட்டு, பிறகு பட்டையான அயர்ன் மெஷினால் மெல்லிய மெல்லிய பகுதியாக எடுத்து இழுக்கிறார்கள். ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப இழுத்தாள். மெஷின் திரையில் 230 என்று எழுதியிருந்தது, செல்சியஸ். மாதக்கணக்கில் பறக்காமல் இருக்கும் என்று சொல்லிச் சூட்டில் ‘சீல்’ பண்ணுகிற எந்த வேலையும் முடியின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. கெரட்டின், போடாக்ஸ், நானோபிளாஸ்டியா, ரிப்பேர் என்று பெயர் என்னவாக இருந்தாலும் கடைசியில் அயர்ன் மெஷின் வருகிறதா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்றையும் கவனித்தேன். அடிப்பகுதி முடி முழுவதும் காயாமலே மெஷினை வைத்தாள். ஈரமுடியில் அந்தச் சூடு பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, முடிக்குள்ளேயே குமிழ்களை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி பிறகு ஒடியும்.

‘முடிக்குச் சத்து’ என்றாளே, அதுதான் எனக்கு அதிகக் கோபம் வரவைப்பது. மெஷின் பட்டதும் புகை கிளம்பியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, தொண்டை எரிந்தது. அந்தப் பெண் மாஸ்க் போட்டிருந்தாள், எனக்குத் தரவில்லை. ஜன்னல் எதுவும் திறக்கவில்லை. கேட்டால் “புரோட்டீன் ஆவிதான் அக்கா” என்றாள். டப்பாவைக் காட்டச் சொன்னேன். காட்டத் தயங்கினாள், கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’. பின்பக்கம் பொடி எழுத்தில் கிளையாக்சிலிக் ஆசிட். தயாரிப்பு உரிம எண்ணும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. இந்தியாவில் தயாரித்து விற்கும் எந்த அழகுசாதனப் பொருளிலும் இவை இருந்தே ஆகவேண்டும்.

ஃபார்மால்டிஹைடை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. முடியை நேராக்கும் சரக்குகளில் அது இருப்பதாக அமெரிக்க அரசுத் துறைகள் 2011-ல் எச்சரித்தன. ‘இல்லை’ என்று லேபிளில் போட்டிருந்த சரக்கிலும் இருந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கிளையாக்சிலிக் ஆசிட். டப்பாவில் ஃபார்மால்டிஹைடு இருக்காது, அயர்ன் சூட்டில் இதிலிருந்து கிளம்பும். அதோடு முடிந்துவிடவில்லை. 2024 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ மருத்துவ இதழில் பிரெஞ்சு மருத்துவர்கள் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முடியை நேராக்கிய மூன்று தடவையும் அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்த கிரீமில் இருந்தது இதே ஆசிட். தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போய் ஆக்சலேட் என்ற உப்பின் படிகமாகச் சிறுநீரகத்தில் தங்குகிறது என்று எலிகளில் சோதித்தும் காட்டினார்கள். ‘சத்து’ என்று சொல்லித் தலையில் பூசுகிற பொருளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைச் செய்துகொண்ட பிறகு வாந்தி, வயிற்றுவலி, முதுகுவலி, சிறுநீர் குறைவது என்று ஏதாவது இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். முடி ட்ரீட்மெண்ட் செய்த விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள், அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

கையெழுத்து வாங்கிய கதையையும் சொல்லவேண்டும். தலை ஈரமாக, கழுத்தில் துணி கட்டி, பாதி கிரீம் பூசிய பிறகு டேப்லட்டை நீட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ், பொடி எழுத்து. “சும்மா என்ட்ரிக்கு அக்கா.” பிறகு வாங்கிப் பார்த்தால், முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறும், பார்லர் பொறுப்பல்ல என்று இருக்கிறது. பில்லில் ட்ரீட்மெண்ட் பெயர் கிடையாது, ‘ஹேர் ஸ்பா’ என்று போட்டிருந்தார்கள். கூடவே ஷாம்பூ, மாஸ்க் என்று 2,800 ரூபாய்க்கு ஒரு பை. இதைப் போடாவிட்டால் ட்ரீட்மெண்ட் நிற்காது என்று கடைசியில்தான் சொன்னார்கள்.

முதலில் பளபளப்பாக இருந்தது, உண்மைதான். சுருள் அன்றே போய்விட்டது. அப்புறம் தலை வாரும்போதெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள் விழ ஆரம்பித்தன. வேரோடு வருகிற நீளமுடி இல்லை, இரண்டு மூன்று இன்ச் துண்டுகள். ஒரு முடியைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பார்த்தேன். நடுநடுவே கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி. இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தால் அந்தப் புள்ளியில்தான் அறுந்தது. நுனியில் முன்பு இரண்டாகப் பிரிந்திருந்தது இப்போது மூன்று நான்காகப் பிரிந்து நின்றது. ஒரு வெடிப்பு கூட ஒட்டவில்லை. தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, சூட்டாலும் கெமிக்கலாலும் முடித்தண்டு உடைந்திருக்கிறது, வேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். வேர் தப்பியதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கெமிக்கல் மெல்ல மெல்லக் கழுவிப் போனாலும் வெந்துபோன முடியில் பழைய சுருள் வராது, புதிதாக வளர்வதில்தான் வரும் என்றும் சொன்னார்.

பார்லருக்குப் போனேன். ஓனர் அம்மா வந்தார். “உங்க முடி ஏற்கெனவே டேமேஜ் மேடம். உங்க ஏரியா போர்த் தண்ணி வேற” என்றார். டேமேஜ் ஆன முடியில் 230 டிகிரி எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. “இன்னொரு சிட்டிங் பண்ணினா செட் ஆயிடும், உங்களுக்காகப் பாதி விலை” என்றார். யாரிடமாவது இப்படிச் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒடிகிற முடியில் திரும்பவும் அதே சூட்டை வைத்தால் வேர்ப்பக்கம் வரை போய்விடும்.

இப்போது தோளுக்குச் சற்றுக் கீழே வெட்டியிருக்கிறேன். புதிதாக வருவது என் பழைய சுருள்தான். நான் செய்வதைச் சொல்கிறேன், பார்லருக்குப் போகாமலே இதைச் செய்யலாம். குளிப்பதற்கு முன் நுனிக்குத் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்ட 2003-ஆம் வருட ஆய்வில், முடியிலிருந்து புரோட்டீன் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதுவும் வெடித்ததை ஒட்டாது, புதிதாக வெடிப்பதைத் தள்ளிப்போடும். சிக்கெடுப்பது கண்டிஷனர் இருக்கும்போது மட்டும், பெரிய பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே. காய்ந்த சுருளை வாரவே வாராதீர்கள். தலையைத் துவட்ட டர்க்கி டவல் வேண்டாம், அப்பாவின் பழைய காட்டன் வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன், முடியை அதில் அமுக்கி எடுத்தால் போதும். சிகைக்காய் பிடிக்கும் என்றால் ஊறவைத்து வடிகட்டிய சாற்றை விடுங்கள். தூளாகத் தேய்த்தால் சுருளுக்குள் சிக்கிக்கொண்டு, அதை எடுக்கும்போதே முடி அறுகிறது. இரவில் தளர்வான பின்னல், முனையில் ரப்பர் பேண்ட் போடாமல் துணி பேண்ட்.

வெட்டுவதற்கு முடிவெட்டும் கத்தரிக்கோல்தான் வேண்டும். மழுங்கின கத்தரி முடியை நசுக்கும், நசுங்கின இடமே அடுத்த வெடிப்பு. சுருட்டை முடியைக் காய்ந்த நிலையிலேயே வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் இழுத்து நீட்டி ‘ஒரு இன்ச்’ என்று வெட்டினால், காய்ந்து சுருண்டபின் போனது எவ்வளவு என்று தெரியும்போது நெஞ்சு பதறும். சின்னப் பகுதியாக எடுத்து முறுக்கிப் பிடித்தால் வெடித்த நுனிகள் துருத்திக்கொண்டு நிற்கும், அதை மட்டும் நறுக்கினால் நீளம் போகாது. இதற்குப் பார்லரில் டஸ்டிங் என்று பெயர். நான் அன்று கேட்டதும் இதைத்தான்.

யாராவது ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பில்லையும் டப்பா போட்டோவையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜையும் அழிக்காதீர்கள். உதிர்ந்த துண்டுகளை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள், டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். டெல்லி நட்சத்திர ஓட்டல் சலூன் ஒன்றில் 2018-ல் தப்பாக முடி வெட்டிய வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. சேவையில் குறை என்பதில் உச்ச நீதிமன்றம் கை வைக்கவில்லை. ஆனால் அத்தனை பெரிய தொகைக்கு ஆதாரம் இல்லை என்று 2023-ல் அதை ரத்து செய்து திரும்ப விசாரிக்க அனுப்பியது. அதனால் ஒவ்வொரு காகிதமும் முக்கியம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை.

நான் 1915-ல் பதிவு செய்துவிட்டு, பார்லருக்குத் தபாலில் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், அந்த டப்பாவை யாரிடம் வாங்கினார்கள் என்றும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் அப்படியே எழுதுகிறேன்.