டேபிள் மலையடியில் ஒரு பியர் தோட்டம்: நெடுநாள் அனுபவம்

கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு மேற்கே ராக்கி மலைத்தொடர் தொடங்கும் இடத்தில் கோல்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1873-இல் அடால்ஃப் கூர்ஸ் கூட்டாளி ஒருவருடன் தொடங்கிய பெரிய பியர் ஆலை இன்றும் அங்கேதான் இயங்குகிறது. அந்த ஆலையிலிருந்து பார்த்தால் ‘வடக்கு டேபிள்’ என்ற மலையின் மறுபக்கத்தில், 2016-இல் திறக்கப்பட்ட நியூ டெரைன் என்ற சிறிய கிராஃப்ட் பியர் ஆலைக்கு (சிறிய அளவில் தனிச் சுவையோடு பியர் காய்ச்சும் இடம்) நானும் என் கணவரும் எல்லாப் பருவங்களிலும் போய்வந்துகொண்டிருக்கிறோம். இத்தகைய இடங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் காட்சியைப் புகழ்ந்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் திறந்தவெளியில் காட்சிக்கு ஏற்ற இருக்கை வேறு, பியருக்கு ஏற்ற இருக்கை வேறு என்பதுதான் இத்தனை நாள் போய்வந்ததில் எனக்குத் தெளிவான விஷயம்.

காட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலையின் பியர் தோட்டத்தில், அதாவது திறந்தவெளியில் மேசை போட்டுப் பியர் பரிமாறும் முற்றத்தில், அமர்ந்தால் மேற்கே எழுந்து நிற்கும் மலை, உச்சியைக் கத்தியால் சீவி எடுத்ததுபோல் தட்டையாக இருக்கும். ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே பாய்ந்த எரிமலைக் குழம்பு உறைந்து கெட்டியான பாறை மூடியாக நின்றுவிட்டது; சுற்றியிருந்த மென்மையான படிவுப் பாறைகளைக் காற்றும் நீரும் அரித்துக்கொண்டு போன பிறகும் அந்த மூடியும் அதன் அடியில் இருந்த படிவுப் பாறையும் மட்டும் தப்பின. மலைமீது நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் பாதைகள் இருப்பதால், காலணியில் செம்புழுதியோடு நேராகத் தோட்டத்துக்கு வருபவர்கள் நிறைய. பனி மூடிய சிகரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இந்த வறண்ட புல்மேடு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. சிகரங்கள் வேண்டுமானால் இன்னும் ஒரு மணி நேரம் மேற்கே காரோட்டினால் போதும்.

இனி வெயிலுக்கு வருகிறேன். ஹாப்ஸ் பூவிலிருந்து பியருக்குக் கசப்பைத் தரும் ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் வெளிச்சத்தைத் தாங்குவதில்லை. நீல ஒளியோ புற ஊதாக் கதிரோ பட்டால் அவை சிதைந்து, பியரில் உள்ள கந்தகப் பொருள்களோடு சேர்ந்து, ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றத் திரவத்தில் உள்ளவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு தயோலாக (கந்தகம் கொண்ட சேர்மமாக) மாறுகின்றன. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆலைகள் பழுப்புப் புட்டியையும் அலுமினியக் கேனையும் விரும்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அவ்வளவு பாதுகாத்த பியரைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி வெயிலில் கொண்டுபோய் வைத்தால், பாதுகாப்பு அத்தனையும் அந்த நொடியோடு போயிற்று. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது; கோல்டன் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

இதை நம்பாதவர்கள் மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பில்ஸ்னரை (வெளிர் பொன்னிற பியர்) இரண்டு சிறிய கோப்பைகளில் வாங்கி, ஒன்றைக் குடை நிழலிலும் மற்றொன்றை வெயிலிலும் வைத்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். நிழலில் இருப்பதில் ரொட்டி வாசனையும் புல் வாசனையும் அப்படியே இருக்கும். வெயிலில் இருப்பதை மூக்கருகே கொண்டுபோனாலே ரப்பர் கருகியதைப் போன்ற ஒரு வாடை அடிக்கும். மலைப்பகுதியில் வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், நிழலே இல்லாத முற்றத்தில் நான்கு மாதிரிக் கோப்பைகள் வைத்த தட்டை வாங்கினோம். மூன்றாவது கோப்பைக்கு வரும்போது அந்த வாடை வந்துவிட்டது. சொன்னபோது, அந்த ஹாப்ஸ் வகையே அப்படித்தான் மணக்கும் என்று பதில் வந்தது. பியர் ஊற்றும் ஒருவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாகவே இருக்கிறது.

கோல்டனில் இதை எளிதாகச் சமாளிக்கலாம். மலை மேற்கில் இருப்பதால், பிற்பகலில் மலையைப் பார்த்து அமர்ந்தால் வெயில் முகத்திலும் கோப்பையிலும் ஒருசேர விழும். ஆகவே அந்த நேரத்தில் மலைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து உங்கள் நிழலிலேயே கோப்பையை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உள்ளே அமருங்கள். சூரியன் மேற்குத் தொடருக்குப் பின்னால் இறங்கிய பிறகும் வானத்தில் நெடுநேரம் வெளிச்சம் இருக்கும். காட்சியும் பியரும் ஒன்றாக வாய்க்கும் நேரம் அதுதான். குடைகளை முழுதாக நம்பக் கூடாது, ஏனென்றால் மலையிலிருந்து காற்று பலமாக இறங்கும் நாள்களில் எந்தத் தோட்டத்திலும் அவற்றை மடக்கித்தான் வைப்பார்கள். பவேரியாவின் பழைய பியர் தோட்டங்களில் நிலத்தடிக் கிடங்குகளைக் குளிர்ச்சியாக வைப்பதற்காகச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். மேலோட்டமாக வேர்விடும் மரம் என்பதால் கிடங்கின் கூரைக்குச் சேதமில்லை. அந்த நிழல் மழை குறைந்த இந்தப் புல்வெளியில் அவ்வளவு எளிதில் அமையாது.

எதைக் கேட்டு வாங்குவது என்பதும் நேரத்தைப் பொறுத்ததுதான். வெயில் இருக்கும்போது 16 அவுன்ஸ் முழுக் கோப்பையைத் தவிர்த்துச் சிறியதை இருமுறை வாங்குவது நல்லது. வறண்ட காற்றில் நுரை சீக்கிரம் அடங்கும், பியரும் சூடேறிவிடும். இந்த ஆலையின் கோல்டன் ஹேஸ் என்ற கலங்கலான ஐபிஏவை (ஹாப்ஸ் தூக்கலாகச் சேர்த்த பியர் வகை)ப் பொழுது சாய்ந்த பிறகே கேளுங்கள். பழ வாசனை கொண்ட இத்தகைய பியர் சற்றுக் குளிர் குறைந்தால் இன்னும் விரிந்து மணக்கும், அதை நிதானமாகக் குடிக்க அந்த நேரமே பொருத்தம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடிமழை இங்கே வாடிக்கை. மலைக்குப் பின்னால் கறுப்பு மேகம் எழும்பினால் முற்றத்தில் வீரம் காட்ட வேண்டாம், மின்னல் நிஜமானது. மாறாக, ஜனவரியிலும் வெயில் அடிக்கும் நாள்கள் நிறைய உண்டு. காற்று மட்டும் இல்லையென்றால் ஒரு தடித்த ஸ்வெட்டரோடு வெளியிலேயே அமரலாம். அப்போது கூட்டமும் குறைவு. சனிக்கிழமை மாலைகளில் குழந்தைகள், நாய்கள், சைக்கிள்கள் எல்லாம் சேர்ந்து தோட்டம் திருவிழாவாகிவிடும். அமைதி வேண்டுபவர்கள் வார நாளில் போக வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் நிற்கும் ஃபுட் டிரக்கில் அன்றைக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான். 21 வயது நிறைந்தவருக்கு மட்டுமே மது என்பதால், நரைத்த தலைக்கும் அடையாள அட்டை கேட்கப்படலாம்.

போக்குவரத்தை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 விழுக்காட்டை எட்டினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள்; கொலராடோ சட்டத்தில் 0.05 விழுக்காட்டைத் தாண்டினாலே, திறன் குறைந்த நிலையில் வண்டி ஓட்டியதாகத் தனி வழக்கு உண்டு. ஐபிஏக்களில் பல 6, 7 விழுக்காடு ஆல்கஹால் கொண்டவை. நாங்கள் இருவரும் குடிப்பதாக இருந்தால் வாடகைக் காரில்தான் போகிறோம். மற்ற நாள்களில் ஒருவர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறோம், அது யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புகிறோம்.