வாட்டுத் தொட்டி லாக்: எஸ்கியூலைட் கோப்பை அடக்கி வைப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து டீ ஃபேக்டரிகளில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்ப அளவுகளை (இரண்டின் வித்தியாசம் காற்றின் ஈரத்தைக் காட்டும்) பதிய ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியும், தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட்டும் தாராளம். தனி சர்வர் தேவையே இல்லை. கோப்பு வீங்குவதுதான் தலைவலி.

8 தொட்டி, நிமிடத்துக்கு ஒரு தரம் என்றால் நாளுக்கு 11,520 பதிவுகள். 90 நாளில் 10,36,800. நேரத்தைத் தேதி எழுத்தாக வைத்தால் 19 பைட் பிடிக்கும், யூனிக்ஸ் நொடியாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிக்கணக்கு) வைத்தால் 4. 18.4 டிகிரியை 184 என்று எழுதினால் 8 பைட் 2 ஆகிவிடும். இந்தக் கணக்கில் மூன்று மாதமும் சுமார் 25 எம்பிக்குள் முடிந்துவிடும்.

பழையதைத் தேதி பார்த்து அழிக்காதீர்கள். ராஸ்பெரி பை 4 வரை உள்ள போர்டுகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. 5-இல் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கரண்டும் நெட்டும் சேர்ந்து போனால், மறுபடி எழும் போர்டு பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். கடிகாரம் தவறி முன்னே தாவினாலோ லாக் மொத்தமும் காலி. பதிவின் வரிசை எண்ணான ஐடியை வைத்து வரம்பு கட்டுவதே பத்திரம்: புதுப் பதிவு நுழைந்ததும் 'புது ஐடி கழித்தல் 10,36,800' வரை உள்ளதை அழிக்கும் ஒரு டிரிகர் (தானாக ஓடும் கட்டளை). ஐடி முழு எண் பிரைமரி கீயாக (டேபிளின் முதன்மை அடையாளமாக) இருந்தால் இதன் சுமை தெரியவே தெரியாது.

ஏற்கெனவே வீங்கிப்போன டேபிளில் டிரிகரைப் போடும் முன், பழையதை ஐடி வாரியாக 5,000 5,000 ஆக அழித்து, ஒவ்வொரு தடவையும் கமிட் செய்யுங்கள் (மாற்றத்தை உறுதிசெய்யுங்கள்). ஒரே மூச்சில் அழித்தால் மாற்றங்கள் முதலில் சேரும் டபிள்யூஏஎல் (WAL) துணைக் கோப்பு பருத்துவிடும்.

அழித்த பிறகும் கோப்பு சுருங்கவில்லையே என்று பதற வேண்டாம். காலியான பக்கங்கள் ஃப்ரீலிஸ்ட் என்ற காலிப் பட்டியலில் கிடக்கும், அடுத்த பதிவுகள் அங்கேயே உட்காரும். கோப்பைப் புதிதாக எழுதிச் சுருக்கும் வேக்யூமைத் தினமும் ஓட்டுவது எஸ்டி கார்டைத் தேய்க்கும் வீண் வேலை. அதற்குக் கோப்பின் இரு மடங்கு வரை காலியிடமும் வேண்டும். கார்டு நிரம்பிய பின் அது கைகொடுக்காது. பென் டிரைவுக்கு நகல் எடுக்க மட்டும் 'வேக்யூம் இன்டு' அருமை, 3.27 பதிப்பிலிருந்து இருக்கிறது.

உண்மையில் இடத்தைத் தின்பது பெரும்பாலும் டபிள்யூஏஎல்தான். 4,096 பைட் பக்கம், 1,000 பக்கத்துக்கு ஒரு செக்பாயின்ட் (மாற்றங்களை முதன்மைக் கோப்புக்கு நகர்த்துவது) என்ற இயல்பு அமைப்பில் அது சுமார் 4 எம்பியில் நிற்க வேண்டும். 100 எம்பியைத் தாண்டினால், சூப்பர்வைசர் அறைத் திரையில் ஓடும் வரைபடம் ஏதோ ஒரு வாசிப்பை, அதாவது ரீட் டிரான்சாக்‌ஷனை மூடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். செக்பாயின்டை டிரங்கேட் முறையில் (முடிந்ததும் டபிள்யூஏஎல் கோப்பைச் சுழியாக வெட்டுவது) ஓட்டிப் பாருங்கள். விடையின் முதல் எண் 1 என்று வந்தால் யாரோ தடுக்கிறார்கள். ஜர்னல் சைஸ் லிமிட் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அது செக்பாயின்ட் முடிந்த பின் கோப்பை வெட்டுமே தவிர, வளர்வதைத் தடுக்காது. வரைபட நிரல் ஒவ்வொரு முறை படித்ததும், படிக்கத் திறந்த கர்சரை மூட வேண்டும்.