பியர் ஒர்க்கருக்கு யார் சூப்பர்வைசர்? டாக்டர், மூத்த பியர், குழு: வேலூருக்கு எது ஒத்துவரும்

மனநோயோடு வாழ்ந்து, ஓரளவு காலூன்றி நின்ற பிறகு, அதே பாதையில் தடுமாறும் இன்னொருவருக்குத் துணையாகப் போகிறவர்தான் பியர் ஒர்க்கர். படித்ததை வைத்து அல்ல, பட்டதை வைத்து வேலை செய்கிறவர். இது புதுசும் இல்லை. 1790-களிலேயே பாரிஸ் பிசேத்ர் மருத்துவமனையில், தானே அங்கே நோயாளியாக (மனநோய்க்கு அல்ல, கழுத்துக் கட்டி நோய்க்கு) இருந்து மீண்ட பூசேன் என்பவர், குணமடைந்தவர்களைப் பணியாளர்களாக வைத்துக்கொண்டார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1999-ல் இந்த வேலைக்கு அரசுக் காப்பீட்டிலிருந்து சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. நம் நாட்டில் குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகள் 2014-லிருந்து பியர்களைச் சேர்த்தன.

ஆளை எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் யாரிடம் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பேசுவார் என்பதில்தான் திட்டங்கள் சறுக்குகின்றன. ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் சூப்பர்வைசர் என்றால் நேரத்தையும் பீஸ் கணக்கையும் பார்க்கிறவர். அந்த அர்த்தத்தோடே இங்கேயும் அந்தச் சொல் வந்துவிடுகிறது. பியர் வேலையில் சூப்பர்விஷன் என்பது வேறு: போன வாரம் ஒரு வீட்டில் நடந்ததை எடுத்து வைத்து, அதில் நான் செய்தது என்ன, என் பழைய வலி செய்தது என்ன என்று இன்னொருவர் உதவியோடு பிரித்துப் பார்ப்பது.

ஒரே சம்பவத்தை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். குடியாத்தம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, மாத்திரை வேண்டாம் என்கிறான். அம்மா பொடித்து ரசத்தில் கலந்து போடுகிறார். பியர் ஒர்க்கர் கிளம்பும்போது வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "அவங்கிட்ட சொல்லிடாத கண்ணு. தெரிஞ்சா வூட்டுல சோறே துன்ன மாட்டான்."

சொன்னால் அந்த வீடு உடையும். சொல்லாவிட்டால் தன்னை நம்பிப் பேசுகிற மகனுக்குத் துரோகம். இதை எடுத்துக்கொண்டு அவர் யாரிடம் போவது?

சிகிச்சைக் குழு

மனநல மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ போனால், கேள்விகள் உடனே வரும்: எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், பொடிக்கக்கூடிய வகையா? மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். மருந்தே போகவில்லை என்று நினைத்து அடுத்த ரிவியூவில் டோஸை ஏற்றிவிடும் ஆபத்தும் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முடிவெடுக்கும் திறன் உள்ளவருக்கு அவர் சம்மதம் இல்லாமல் மருந்து கொடுக்கக்கூடாது என்பதையும் அவர் எடுத்துச் சொல்வார். இதெல்லாம் தேவை.

இந்த வழியின் பலத்துக்கு இன்னொரு உதாரணம், மனநிலை ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்குத் தருகிற லித்தியம். கத்திரி வெயிலில் வேலூர் கொதிக்கும்போது, லித்தியம் எடுக்கிற ஒருவர் தண்ணீர் போதாமல் வியர்த்துக் கொட்டினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். முட்டிவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் அதை இன்னும் ஏற்றும். பிரஷருக்காகத் திடீரென்று உப்பைக் குறைத்தாலும் அப்படித்தான். வழக்கமான மெல்லிய கை நடுக்கம் வேறு. கை கால் உதறி, வாந்தி பேதியோடு நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அது விஷ அளவு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லித்தியம் எடுத்த அனுபவமுள்ள பியர், "எனக்கும் கை நடுங்கும், சரியாயிடும்" என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம். இந்த இடத்தில் சொந்த அனுபவமே கண்ணை மறைக்கும். மருத்துவக் கண்தான் பிடிக்கும்.

இனி குறை. பியர் ஒர்க்கருக்கு அந்த ரசத்தைப் பார்த்ததும் வந்த கோபம் இங்கே பேசப்படுவதில்லை. அவர் வந்து சொன்னது ஒரு தகவலாக மாறிவிடுகிறது. நாளாக ஆக அவரும் தகவல் கொண்டுவருகிற ஆளாகவே மாறிவிடுவார்: மாத்திரை சாப்பிட்டானா என்று எண்ணுவது, ஓபியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, அட்மிஷனுக்குச் சம்மதிக்க வைப்பது. ஊசி போடும்போது "கொஞ்சம் பிடிச்சுக்கப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டு அவரும் பிடித்துவிட்டால், அந்த வார்டில் அவருடைய பியர் வேலை அன்றோடு முடிந்தது. ஆளைப் பிடிப்பது அவர் வேலை இல்லை என்று எழுத்திலேயே இருக்க வேண்டும்.

வேலூர் போன்ற ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மனநல சிகிச்சை கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் அதே இரண்டு மூன்று ஓபிகளுக்குத்தான் வருகிறார்கள். ஆகவே பியர் ஒர்க்கரின் சூப்பர்வைசரும், அவருக்கே மாத்திரை எழுதித் தருகிற டாக்டரும் ஒரே ஆளாக அமைந்துவிடுவது மிகச் சுலபம். அப்படி அமைந்தால் இரண்டு பக்கமும் கெடும். நான்கு நாளாகத் தூக்கம் சரியில்லை என்று டாக்டரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று மறைப்பார். வேலையில் ஒரு வீடு தன்னை உலுக்கிவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொன்னால் டோஸ் ஏறிவிடுமோ என்று அதையும் மறைப்பார். வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக்கூடாது: சிகிச்சை தருபவர் சூப்பர்வைசராக இருக்கவே கூடாது. அந்த ஊரில் ஒரே டாக்டர்தான் என்றால் சூப்பர்விஷன் சமூகப் பணியாளரிடம் போகட்டும். அவரும் இவருடைய கேஸ் ஃபைலைத் திறப்பதில்லை என்று எழுதிக் கொடுக்கட்டும்.

ஒருங்கிணைப்பாளர்

தொண்டு நிறுவனத் திட்டங்களில் ஒருங்கிணைப்பாளரே சூப்பர்வைசர். எத்தனை வீடு போனீர்கள், ரிப்போர்ட் எங்கே, பஸ் டிக்கெட் எங்கே. சம்பளம், லீவு, பயணப்படி இவற்றுக்கு அவர் வேண்டும். ரசத்துக்கு அவரிடம் பதில் இல்லை. வேலையை நீட்டிப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கும்போது அவரிடம் தடுமாற்றத்தைச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

மூத்த பியர்

இதே வேலையைச் சில வருஷம் செய்தவர். அவர் முதலில் கேட்பது மாத்திரை பெயரை அல்ல. "அந்த ரசத்தைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன ஞாபகம் வந்துச்சு?"

தனக்கும் ஒரு காலத்தில் வீட்டில் இப்படித்தான் கலந்து கொடுத்தார்கள் என்று பியர் ஒர்க்கர் சொல்லக்கூடும். அந்தக் கோபம் தன் அம்மா மேல் உள்ளது, குடியாத்தம் அம்மா மேல் அல்ல என்று பிரிந்த பிறகுதான் அடுத்த அடி தெரியும். அதை மூத்த பியர் வாய்விட்டுச் சொல்லிப் பழகவும் வைப்பார்: "அம்மா, நான் அவர்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். நானா போய்ச் சொல்லவும் மாட்டேன். நீங்களே சொல்லணும், அப்ப நான் கூட உட்கார்றேன்." அதற்கு ஒரு கெடு வைப்பது, அதற்குள் டாக்டரிடம் பேசுவது, மகன் ஏன் மாத்திரை வேண்டாம் என்கிறான் என்று கேட்பது. எடை ஏறுகிறது, பகலெல்லாம் தூக்கம், தாம்பத்தியத்தில் சிரமம் என்று காரணம் இருக்கும்; அதற்கு மருந்தையோ அளவையோ மாற்ற வழி இருக்கும்.

இந்த அம்மா விஷயம் வேலூருக்கே உரியது என்று சொல்லலாம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-லிருந்து இயங்குகிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். வெளிநாட்டுக் கையேடுகள் பியர் வேலையை இரண்டு பேருக்கு நடுவில் நடப்பதாக எழுதுகின்றன. இங்கே மூன்றாவதாக எப்போதும் ஒரு அம்மா, ஒரு அண்ணி, ஒரு மாமனார் உட்கார்ந்திருப்பார். அதைப் பேசத் தெரிந்த மூத்த பியர்தான் இங்கே பயன்படுவார்.

அவரிடமும் சறுக்கல் உண்டு. "நான் மாத்திரையை விட்டேன், ஒண்ணும் ஆகலை" என்கிற ஒரு வரி ஆளையே கொல்லும். தற்கொலைப் பேச்சை ரகசியமாக வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவரை, அது நட்பு என்று மூத்தவரும் தட்டிக்கொடுத்துவிடக்கூடும். ரகசியம் காக்கச் சொல்கிற அதே 2017 சட்டத்தின் 23-வது பிரிவே உயிராபத்தைத் தடுக்கத் தேவையான அளவு தகவலைச் சொல்ல இடம் தருகிறது. அதை முதல் சந்திப்பிலேயே அந்த நபரிடம் சொல்லிவிட வேண்டும், சிக்கல் வந்த பிறகு அல்ல. மூத்தவருக்கும் ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்பதும் மறந்துபோகிற விஷயம்.

இந்தப் பக்கம் மூத்த பியர் எளிதில் கிடைக்கமாட்டார். சென்னையிலோ புனேயிலோ இருப்பவரோடு வீடியோவில் பேசலாம். பியர் ஒர்க்கர் வீட்டாருக்குக் கேட்காத அறையில் உட்கார்ந்து பேச முடிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மொழியும் பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் பாதிப் பேச்சு உருதில் நடக்கும், எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கில். தமிழே புரியாத சூப்பர்வைசரிடம் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லும்போது அந்த அம்மாவின் "கண்ணு" காணாமல் போய்விடும்.

குழு

ஐந்தாறு பியர்கள், ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு வீட்டைப் பற்றிய பேச்சு. அமெரிக்காவின் ஷெரி மீட் பியர் வேலைக்காக உருவாக்கிய முறையில் இதைச் சேர்ந்து சிந்திப்பது என்கிறார்கள். மேலே ஒருவர் கிடையாது. மூத்தவர் இல்லாத ஊருக்கு நல்ல மாற்று. உள்ளூர் அறிவும் இங்கேதான் கிடைக்கும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிறது. இரண்டு ராத்திரி தூக்கம் போனால் பைபோலார் உள்ளவருக்கு வேகம் ஏறிவிடலாம், யார் யாரை முன்கூட்டியே பார்த்துப் பேசுவது என்று இந்தக் குழுதான் யோசிக்கும். ஆனால் ஊர் சின்னது. பெயர் சொல்லாவிட்டாலும் "பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டெய்லர்" என்றால் ஆள் தெரிந்துவிடும். தெருவையும் தொழிலையும் மாற்றிச் சொல்லப் பழக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எந்த விவரமும் போடக்கூடாது. வாய் பேசுகிற ஒருவர் மொத்த நேரத்தையும் எடுத்துக்கொள்வதும் நடக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

2007-ல் அமெரிக்க அரசு பியர் சேவைக்கு சூப்பர்விஷன் கட்டாயம் என்று மாநிலங்களுக்கு எழுதியபோது, தகுதியுள்ள மனநலத் தொழில்முறையாளர் என்றது. பலரும் சிகிச்சைக் குழுவிடமே விட்டார்கள். இங்கே அதை அப்படியே எடுத்துக்கொண்டால், சிகிச்சை தருபவரே சூப்பர்வைசராகிற, மேலே சொன்ன சிக்கலில்தான் போய் நிற்போம். எங்கள் தேர்வு மூத்த பியரை நடுவில் வைப்பது. முதல் மூன்று மாதம் வாரம் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சிகிச்சைக் குழுவில் ஒருவரோடு வாரம் அரை மணி, மருந்துக்கும் ஆபத்துக்கும் மட்டும். மாதம் ஒருமுறை குழு. தொடக்கத்தில் ஐந்து வீட்டுக்கு மேல் கொடுக்காமல் இருந்தால்தான் இந்த நேரம் கிடைக்கும். இந்த மணி நேரங்களுக்கும் சம்பளமும் பஸ் காசும் உண்டு. இல்லையென்றால் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

எல்லோரும் கையெழுத்துப் போடும் ஒரு பக்கத் தாள் போதும். தற்கொலைப் பேச்சு வந்தால் அன்றைக்கே கூப்பிட இரண்டு நம்பர்கள், ராத்திரியில் 14416, அதாவது அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். பியர் ஒர்க்கருக்கே உடம்பு கெட்டால் யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று அவரே எழுதிய இரண்டு பெயர்கள். ராத்திரி மாத்திரையின் மயக்கம் தெளிய நேரமாகும் என்றால் பத்து மணிக்கு முன் வீட்டுச் சந்திப்பு இல்லை என்ற வரி. அட்மிஷன் ஆனால் எத்தனை மாதம் அவர் இடம் காலியாக வைக்கப்படும் என்பது, எண்ணிலும் எழுத்திலும்.