இன்டர்நேஷனல் ஹாஸ்டல்: ஒரு லோக்கல் கார்டியனின் அனுபவம்

அண்ணனும் அண்ணியும் துபாயில். மகனை எட்டாம் வகுப்பில் பெங்களூரை அடுத்த தேவனஹள்ளிப் பக்கம் ஓர் இன்டர்நேஷனல் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்தார்கள். பெங்களூர் அல்சூரில் இருக்கும் நான் லோக்கல் கார்டியன். பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அட்மிஷனுக்கு அலைகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீச்சல் குளத்தையும் ரோபாட்டிக்ஸ் லேபையும் பார்த்தது போதும். சாயங்காலம் நாலு மணியிலிருந்து விளக்கணைக்கும் வரை பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். வகுப்பு நேரத்தில் யாரும் அழுவதில்லை.

எங்களுக்கு முதல் சிக்கல் போனில் வந்தது. போன்கள் வார்டனிடம் இருக்கும். இரவு 7 முதல் 7.30 வரைதான் கைக்கு வரும். அப்போது துபாயில் மாலை 5.30. அண்ணன் மீட்டிங்கில், அண்ணி டிராஃபிக்கில். ஒரே அறையில் இருந்த கொரியப் பையனுக்கோ சியோலில் இரவு 10.30, அம்மா தூக்கக் கலக்கத்தில் பேசுவார். பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று விளம்பரம் செய்கிற இடத்தில் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா? நாங்கள் மெயில் மேல் மெயில் போட்ட பிறகு, வளைகுடாப் பிள்ளைகளுக்கு ஸ்டடி ஹவர் முடிந்து ஒன்பது மணிக்கு என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து பையன் பேச்சில் தெம்பு வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஹவுஸ் பேரண்ட், அதாவது ஹாஸ்டலிலேயே தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். முதலில் இருந்தவர்கள் மங்களூர்த் தம்பதி, அதே மாடியில் குடியிருந்தார்கள். இவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை எங்களுக்கு முன்பே கவனித்தது அந்த அம்மாதான். அவர்கள் வேலையை விட்டுப் போனதும், நன்றாகப் பழகியிருந்த பையன் மறுபடி சுணங்கிவிட்டான். ஆட்கள் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறார்கள் என்பதை எந்தப் பிராஸ்பெக்டஸும் சொல்லாது. கேட்டால்தான் தெரியும்.

சாப்பாடு மோசமில்லை. பாஸ்தா, ராஜ்மா, தினமும் தயிர் சாதம். “அத்தை, சாம்பார்ல வெல்லம் போடறாங்க” என்ற புகார் மட்டும் ஓயவில்லை. இட்லிப் பொடி கொடுத்தனுப்பினேன். வேர்க்கடலை கலந்த எதுவும் உள்ளே போகாது. அலர்ஜி உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், நியாயம்தான். சலவைக்குப் போகும் சாக்ஸ் ஜோடியாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மாதம் ஒரு வார இறுதி வெளியே அழைத்துவரலாம். வெள்ளி மாலை மட்டும் போகாதீர்கள், ஹெப்பாள் மேம்பாலத்திலேயே இருட்டிவிடும். சனி காலைதான் உத்தமம். பள்ளியில் ஹிந்தி, பிரெஞ்சு, ஸ்பானிஷ் உண்டு, தமிழ் கிடையாது. அதனால் வரும்போதெல்லாம் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். முணுமுணுத்துக்கொண்டேதான் வருவான்.

பதினொன்றில் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) டிப்ளமோ என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம் தொடங்கியதும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. ஆறு பாடம், 4,000 சொல் வரை ஒரு நீண்ட கட்டுரை, இதில் சேவைப் பணி வேறு. மாலை விளையாட்டு நேரத்தை இவையே தின்றுவிடுகின்றன. பிள்ளைக்கு டாக்டர் ஆசை இருந்தால் பத்தாம் வகுப்பிலேயே பேசிவிடுங்கள். நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபியின் வழக்கமான பாடத் தேர்வில் மூன்றும் சேர்ந்து அடங்காது, தனி அனுமதி வாங்க வேண்டும். மே மாதம் தேர்வு எழுதினால் ரிசல்ட் ஜூலையில்தான், அதையும் கணக்கில் வையுங்கள். இவனுக்குப் பொருளாதாரத்தில் ஆர்வம் என்பதால் நாங்கள் தப்பித்தோம்.

இப்போது மகளையும் அங்கேயே சேர்க்கலாமா என்று அண்ணன் கேட்கிறார். பெண்கள் ஹாஸ்டலில் ஹவுஸ் பேரண்ட் யார், எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.