கொழிஞ்சாம்பாறையில் 'சீட்டு கிடைச்ச பேட்ச்' டியூஷன்: பிள்ளையைச் சேர்க்கலாமா?

காலேஜ் சீட்டு உறுதியாகிவிட்டது, பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, பிள்ளை புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறது. இந்த நிலைமையில் இருக்கிற பெற்றோருக்காகத்தான் எழுதுகிறேன், மற்றவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மளிகைக்கடைக்கு மேல் மாடியில் நடக்கிற டியூஷன் இது. வெளியே போர்டு கிடையாது, கடையில் கேட்டால் "மாஷ் வீடா, மேலே போங்க" என்பார்கள் (மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார்). ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவரும் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரும் நடத்துகிறார்கள். காலேஜ் சீட்டு கிடைத்த பிள்ளைகளுக்கென்று ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு தனி பேட்ச், மூன்று மாதத்துக்கும் சேர்த்து 6,000 ரூபாய், மொத்தமாக முதலிலேயே வாங்கிவிடுவார்கள். சித்தூர், நாட்டுக்கல், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பிளஸ் ஒன்னில் இங்கிலீஷுக்கு மாறினவர்களும் உண்டு, பாடம் நடப்பது தமிழும் மலையாளமும் கலந்துதான்.

என் மகளுக்கு கோயம்புத்தூர் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில் டிசம்பரிலேயே அட்வான்ஸ் கட்டிவிட்டோம். ரசீது கைக்கு வந்ததிலிருந்து ஹாஸ்டலுக்கு என்ன பக்கெட் வாங்கலாம் என்கிற ஆராய்ச்சிதான் வீட்டில். படி என்றால் "பாஸானா போதும்ப்பா, சீட்டுதான் இருக்கே" என்று ஒரே பதில். திட்டியும் பார்த்தாயிற்று, போனைப் பிடுங்கியும் வைத்தாயிற்று.

இந்த டியூஷனில் எனக்குப் பிடித்த விஷயம் முதல் நாளே நடந்தது. காலேஜ் கொடுத்த அட்மிஷன் லெட்டரின் நகலை மாஷ் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்து, கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்து, நிபந்தனை எங்கே இருக்கிறது என்று அவளையே தேடிக் கோடு போடச் சொன்னார். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் சேர்த்து 60 சதவீதம், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 55. இது அந்த ஒரு காலேஜின் விதி மட்டுமல்ல, எட்டிமடை அமிர்தாவிலும் பி.டெக்குக்கு இதே 60, 55 கணக்குதான், வேலூர் விஐடியிலும் பொதுப் பிரிவுக்கு மூன்றும் சேர்த்து 60 வேண்டும். என்ட்ரன்ஸ் எழுதியிருந்தாலும் பணம் கட்டியிருந்தாலும், மார்க் ஷீட் கைக்கு வருகிற வரை சீட்டு தற்காலிகம்தான். லெட்டரில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, நாங்கள் யாருமே வாசிக்கவில்லை.

அடுத்து செய்ததைக் கேட்டால் சில பெற்றோருக்குக் கோபம் வரும். நிபந்தனையைத் தாண்ட எவ்வளவு வேண்டும் என்று பிள்ளையின் கண் முன்னாலேயே போர்டில் கணக்குப் போட்டார். கேரளாவில் சர்டிபிகேட்டில் வருவது இரண்டு வருஷமும் சேர்ந்த மார்க், பிசிக்ஸுக்கு மொத்தம் 200. இவள் பிளஸ் ஒன்னில் 80-க்கு 38. அந்த 55 சதவீதத்துக்கு, அதாவது 110-க்கு, இந்த வருஷம் 120-ல் 72 வேண்டும். பிராக்டிகல் 40, சிஇ என்று ஸ்கூலிலேயே போடுகிற இன்டர்னல் மார்க் 20, இரண்டிலும் ஒழுங்காக வாங்கினால் 55 வந்துவிடும். மீதி தியரியில் 60-க்கு 17. மகள் முகத்தில் சிரிப்பு. எனக்கு, காசு கொடுத்து இதைக் கேட்கவா வந்தோம் என்று இருந்தது.

உடனே பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டார். இந்தச் சீட்டு இல்லாவிட்டால், அல்லது இதைவிட நல்லது கிடைத்தால்? கேரளா இன்ஜினியரிங் அட்மிஷனுக்கான கீம் ரேங்கில் என்ட்ரன்ஸ் பாதி, பிளஸ் டூ கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க் பாதி. அதில் தேறினால் ஸ்ரீகிருஷ்ணபுரம் கவர்ன்மென்ட் காலேஜ்கூட எட்டும், ஃபீஸ் வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம். எங்களுக்குப் பூர்வீகம் பொள்ளாச்சி, நேட்டிவிட்டி சர்டிபிகேட் எடுத்தால் தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்குக்கும் போடலாம், அங்கே 2007-லிருந்து என்ட்ரன்ஸே கிடையாது, முழுக்க முழுக்க பிளஸ் டூ மார்க்தான்: கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. அரை மார்க்கில் வரிசை எங்கேயோ போய்விடும். ஜேஇஇ எழுதியிருக்கிற பையன் ஒருவனுக்கு என்ஐடி வேண்டுமானால் பொதுப் பிரிவில் 75 சதவீதம், இல்லையென்றால் போர்டின் முதல் 20 பர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும் என்று அவனுடைய நோட்டில் எழுதினார். "17 மார்க் அந்தக் காலேஜுக்கு. மத்ததெல்லாம் உனக்கு. எது வேணுமோ எடுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். பயமுறுத்தல், உபதேசம் எதுவும் இல்லை. நான் ஒரு மாதம் கத்தியதைவிட அந்தக் கட்டம் அதிக வேலை செய்தது, அதை மனசோடு ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது என்பது வேறு விஷயம்.

பாடம் எப்படி என்றால், கணக்கு அருமை. எல்லா டியூஷனும் முதல் பாடத்திலிருந்து ரிவிஷன் ஆரம்பிக்கும், இங்கே பின்னாலிருந்து வருகிறார்கள். காரணம் இருக்கிறது. ஸ்கூலில் கடைசியில் ஓட்டமாக ஓட்டி முடிக்கிற டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், வெக்டர், முப்பரிமாண வடிவியல், நிகழ்தகவு எல்லாம் பிள்ளை மனசை விட்டுவிட்ட சமயத்தில் நடக்கிற பாடங்கள். இன்ஜினியரிங் முதல் வருஷக் கணக்கு இவற்றின் மேல்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சை, விடைத்தாளை நூல் போட்டுக் கட்டிக் கொடுக்கணும், நடுவில் எழுந்து போக முடியாது. பிராக்டிகல் ரெக்கார்டையும் வாங்கிப் பார்த்து, எந்தப் பரிசோதனைக்கு டீச்சர் கையெழுத்து இல்லை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். சீட்டு கிடைத்த பிள்ளைகள் முதலில் கைவிடுவது ரெக்கார்டைத்தான், அதில் விட்ட மார்க்கைத் தியரியில் பிடிப்பது லேசில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். என் தம்பி மகன் டெக்ஸாஸில் ஹைஸ்கூல் கடைசி வருஷம், அங்கே முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்கு டிசம்பரிலேயே காலேஜ் அட்மிஷன் வந்துவிடுகிறது. அப்புறம் பையன்கள் ஹோம்வொர்க்கைத் தொடுவதில்லை. ஆனால் அங்கே ஸ்கூல் கவுன்சிலர் பாதி வருஷத்தில் ஒரு ரிப்போர்ட்டும், படிப்பு முடிந்ததும் கடைசி மார்க் பட்டியலும் காலேஜுக்கு அனுப்புகிறார். ஏ வாங்கிக்கொண்டிருந்தவன் டிக்கு இறங்கினால் காலேஜ் விளக்கம் கேட்டுக் கடிதம் போடும், மோசமாகச் சரிந்தால் அட்மிஷனையே திரும்பப் பெறவும் செய்யும். எடுக்கிறேன் என்று விண்ணப்பத்தில் சொன்ன கஷ்டமான பாடத்தைச் சொல்லாமல் கைவிட்டாலும் கேள்வி வரும். தம்பி போனில் புலம்பியபோது, "மாஷை அனுப்பட்டுமா" என்று கேட்டேன்.

சரி, குறைகள். கெமிஸ்ட்ரி சுமார்தான். சொல்லித்தருகிற பையன் கெட்டிக்காரன், ஆனால் ஆர்கானிக்கில் ரியாக்‌ஷன்களைப் போர்டில் வேகமாக எழுதித் தள்ளிவிட்டு மனப்பாடம் பண்ணு என்கிறான், ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்டால் "அது வராது, விடு" என்கிறான். திருத்தின தாள் சில வாரம் அடுத்த பரீட்சைக்கு அப்புறம்தான் கைக்கு வந்தது, அதனால் என்ன பிரயோஜனம்? மேலே தகரக் கூரை. பாலக்காட்டு மார்ச் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டே ஃபேன், ஒன்று சத்தம் மட்டும் போடும். பாத்ரூம் கீழே கடைக்குப் பின்னால், பெண் பிள்ளைகளுக்குச் சங்கடம். இதை நேரில் சொன்னேன், தாழ்ப்பாள் மட்டும் மாற்றினார்கள். பாதியில் நின்றால் பணம் திரும்பாது. வாட்ஸ்அப் குரூப்பில் பாடத்தைவிட குட் மார்னிங் படம் அதிகம்.

அடிப்படையே தெரியாத பிள்ளையை இங்கே சேர்க்க வேண்டாம், அவ்வளவு பொறுமையும் நேரமும் இங்கே கிடையாது. பிளஸ் ஒன்னில் ஓரளவு வாங்கி, சீட்டு கிடைத்ததும் காற்றில் மிதக்கிற பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம், கெமிஸ்ட்ரிக்கு மட்டும் வேறு ஆள் பாருங்கள். ஐந்துக்கு நான் நாலு கொடுப்பேன், என் மகள் மூன்று என்கிறாள், தகரக் கூரைக்காக ஒன்று குறைத்தாளாம்.

சாயங்கால பேட்ச் முடிய எட்டு மணி ஆகிவிடும். வேலந்தாவளம் பக்கம் போகிறவர்கள் பஸ் நேரத்தை முதல் நாளே மாஷிடம் சொல்லிவிடுங்கள், கொஞ்சம் முன்னாடி விட்டுவிடுவார். அட்மிஷன் லெட்டர் நகல் இரண்டு கொண்டு போங்கள், கீழே ஜெராக்ஸ் கிடையாது.