வேகனா, கிராஸ்ஓவரா?

வீட்டில் வேகன் (கூரை பின்பக்கம் வரை நீளும் தாழ்வான கார்), கிராஸ்ஓவர் (எஸ்யூவி போல உயரமான கார்) இரண்டுமே நிற்பதால் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். வால்வோ வி60 வேகன், எக்ஸ்சி60 கிராஸ்ஓவர் ஜோடியை எடுத்துக்கொள்வோம். இரண்டும் எஸ்பிஏ என்ற ஒரே அடித்தளத்தில் உருவானவை. ஆனால் வேகன் சுமார் 1.43 மீட்டர் உயரம், கிராஸ்ஓவர் சுமார் 1.66.

வளைவில்: வேகனின் எடை தாழ்வாக இருப்பதால் சாய்வு குறைவு. கிராஸ்ஓவரில் அந்தச் சாய்வை அடக்க ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். குண்டும் குழியுமான சாலையில் அது இடுப்புக்குத் தெரியும்.

எரிபொருள்: உயரமான முகப்பு அதிகக் காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டும், எடையும் கூடுதல். நெடுஞ்சாலையில் வேகனுக்கே மைலேஜ்.

சாமான்: வேகனில் பின்சீட்டை மடக்கினால் சைக்கிளைப் படுக்க வைக்கலாம், கூரைமேல் கட்டுவதும் எளிது. நிமிர்த்தி வைக்க வேண்டிய பெட்டி என்றால் கிராஸ்ஓவர்.

ஏறி இறங்க: கிராஸ்ஓவர்தான், பேச்சே இல்லை. மூட்டுவலிக்காரர்களும் குழந்தையைச் சீட்டில் கட்டுபவர்களும் குனிய வேண்டாம்.

தரை இடைவெளி: பொதுவாகக் கிராஸ்ஓவருக்குச் சாதகம். ஆனால் 2020 சுபாரு அவுட்பேக் வேகனுக்கும் அதே நிறுவனத்தின் ஃபாரஸ்டருக்கும் ஒரே அளவு, சுமார் 220 மி.மீ.

நெடும்பயணமும் ஓட்டும் சுகமும் முக்கியம் என்றால் வேகன். வயதான பெற்றோர், கரடுமுரடான பாதை என்றால் கிராஸ்ஓவர். எனக்கு? சாவிக்கொத்தில் கை முதலில் போவது வேகன் சாவிக்குத்தான். அப்பா கூட வந்தால் மட்டும் மற்றது.