வீணைப் பெட்டிக்கு ஸ்பாஞ்ச் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அம்மாவின் தஞ்சாவூர் வீணைக்கு முப்பது வயதுக்கு மேல். ஃபைபர் பெட்டி; வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. உள்ளேதான் தொல்லை. வெல்வெட்டுக்கு அடியிலிருந்த ஸ்பாஞ்ச் மக்கி, தொட்டால் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. திறக்கும்போதெல்லாம் வீணையின் குடத்திலும் தந்தியை முறுக்கும் பிரடைகளிலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

சென்னையில் ஒரு வாத்தியக் கடையில் கொடுத்தேன். "பழசை சுத்தமா சுரண்டி எடுத்துட்டுத்தான் சார் புதுசு ஒட்டுவோம். அளவு பாக்கணும், வீணையையும் வச்சிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். ரூ. 4,500, முழுவதும் முன்பணம். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்த பெட்டி கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. மெரூன் வெல்வெட், ஓரத்தில் ஜரிகை வேறு. மூடியைப் பூட்டத்தான் முழங்காலை வைத்து அழுத்த வேண்டியிருந்தது. "புது ஸ்பாஞ்ச் சார், போகப் போக அமுங்கிடும்" என்றார். நானும் நம்பினேன்.

அது மே மாதம். நான்கு நாள் கழித்து அம்மா திறந்தால், ஸ்பாஞ்ச் ஒட்டிய சொல்யூஷன் வாடை மூக்கைத் துளைக்கிறது. வாசித்துப் பார்த்தார், மேல் ஸ்தாயியில் ஒரு சுரமும் சேரவில்லை. தந்திக்கு அடியில் வரிசையாக நிற்கும் பித்தளை மெட்டுகள் மெழுகுக்குள் இறங்கி, சில ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. இருபத்துநான்கு மெட்டும் தேன்மெழுகில்தானே நிற்கின்றன! அது உருக அறுபது டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் நம் ஊர் கோடையிலேயே இளகிவிடும். மூடி தந்தியை அழுத்த, தந்தி மெட்டை அழுத்த, நான்கு நாள் அப்படியே கிடந்திருக்கிறது. குடத்தில் மெரூன் சாயம் வேறு.

சந்தேகப்பட்டு வெல்வெட்டின் ஒரு மூலையைப் பிரித்தேன். அடியில் அதே மஞ்சள் மாவு! பழைய ஸ்பாஞ்சை எடுக்கவே இல்லை, அதன் மேலேயே புதியதை ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பெட்டியின் ஆழம் குறைந்து மூடி இடித்திருக்கிறது. போனில் கேட்டால், "வெயில்ல வச்சிருப்பீங்க சார்" என்று ஒரே பதில். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ப் பேச? திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரம் பார்த்து மெழுகில் நிறுத்த, ரூ. 7,000 ஆனது. அதைச் செய்த ஆசாரி ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: தந்திகள் மேல் சாக்பீஸ் பொடியைத் தடவி, மூடியை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். வெல்வெட்டில் வெள்ளைக் கோடு விழுந்தால் அந்தப் பெட்டியில் வீணையை வைக்காதீர்கள்.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பழைய ஸ்பாஞ்சைப் பிரித்தெடுத்த பிறகு காலிப் பெட்டியை நேரில் போய்ப் பாருங்கள். புது வெல்வெட்டை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒட்டி முடித்த பெட்டி வாடை போகும்வரை திறந்தே கிடக்கட்டும். வெறும் தூசுதான் என்றால் கடைக்கே போக வேண்டாம், வாக்குவம் கிளீனரும் காய்ந்த பிரஷும் போதும். தண்ணீர் மட்டும் கூடாது. ஸ்பாஞ்ச் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும்.

பெட்டியை இப்போது நானே சுரண்டிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது. அதுவரை வீணை ஊஞ்சல் பலகை மேல், அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைக்குள் தூங்குகிறது.